விலையைக் குறைப்பதற்கு முன்: நங்கநல்லூர் ஃபிளாட்டை விற்ற அனுபவம்

ஒரு ஃபிளாட் மாதக்கணக்கில் விற்காமல் நின்றால், காதில் விழுவது ஒரே யோசனைதான்: விலையைக் குறைங்க. தரகர் சொல்வார், உறவுக்காரர்கள் சொல்வார்கள், மாடிப்படியில் எதிரே வருகிறவரும் நின்று சொல்வார். சென்னை நங்கநல்லூரில் இருந்த எங்கள் வீட்டுக்கும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அதே கட்டடத்தில், ஒரு தளம் கீழே, அதே அளவு வீடு நாங்கள் கேட்ட சதுர அடி விலைக்கே கைமாறியிருந்தது. அப்படியானால் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது விலை இல்லை. உள்ளே நுழைந்தபின் அவர்கள் பார்த்த ஏதோ ஒன்றுதான். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த விதத்தை எழுதுகிறேன். அப்பா அம்மா வாழ்ந்த வீட்டைப் பூட்டிவைத்துவிட்டு விற்க முயல்கிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

1998-இல் கட்டிய வீடு. இரண்டாவது தளம், 930 சதுர அடி, இரண்டு படுக்கையறை, யுடிஎஸ், அதாவது மனையில் எங்கள் பங்கு, 455 சதுர அடி. பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம். ஆஞ்சநேயர் கோயில் பக்கம். காய்கறி, பால், மருந்துக்கடை எல்லாம் தெருமுனையிலேயே. இடத்தைக் குறை சொன்னவர் ஒருவரும் இல்லை. அப்பா காலமானபின் அம்மா என்னோடு வந்துவிட்டதால் வீடு பூட்டியே கிடந்தது. ஆட்கள் வந்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள், "வீட்ல கலந்துட்டுச் சொல்றோம்" என்று போனார்கள். அவ்வளவுதான்.

ஆதம்பாக்கத்தில் வீடு தேடிக்கொண்டிருந்த என் தோழி ஒருத்தியிடம், "வாங்க வந்தவள் மாதிரி ஒருமுறை வந்து பார், மனதில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்" என்று கேட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டை வாங்கும் எண்ணம் அவளுக்கு இல்லை, அதனால் ஒளிக்காமல் சொன்னாள். விற்க நினைக்கிற எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். வீடு தேடி அலைகிற ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். பல வீடுகளைப் பார்த்துச் சலித்த கண்ணுக்குத்தான் எல்லாம் தெரியும். நாம் பிறந்து வளர்ந்த வீட்டின் வாசனை நம் மூக்குக்குத் தெரியாது.

கதவைத் திறந்ததுமே நின்றுவிட்டாள். "சாக்கடை வாசனை வருது." பிறகு குளியலறையில் மேலே பார்த்தாள், கூரையில் மஞ்சள் திட்டு. "இது மேல்வீட்டுத் தண்ணிதானே?" ஹாலில் எதுவும் சொல்லவில்லை, ஆனால் சோஃபாவில் உட்காரவில்லை. கடைசியில் கேட்டேன். தயங்கிவிட்டு, "அப்பா படம்" என்றாள்.

அவளோடு பேசியதில்தான் இன்னொரு கணக்கும் எனக்குத் தெளிவானது. நாங்கள் கேட்டது 62 லட்சம். இந்த அளவு விலையுள்ள வீட்டுக்கு வங்கி 80 சதவீதம் வரைதான் கடன் கொடுக்கும். மீதி 12 லட்சத்துக்கு மேல் கைப்பணம். அதற்குமேல் முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக்கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்தால் 5 லட்சத்து 58 ஆயிரம். அதையும் வங்கி தராது. ஆக, 18 லட்சம் கையில் வைத்துக்கொண்டுதான் ஒருவர் நம் வாசலுக்கு வருகிறார். நகையை விற்றும், பி.எஃப். எடுத்தும், மாமனாரிடம் கேட்டும் சேர்த்த பணம். இதற்குமேல் சுவரில் ஓதம் தெரிந்தால் அந்தச் செலவும் அதே கையிலிருந்துதான் போகவேண்டும். நமக்கு 30 ஆயிரம் ரூபாய் வேலையாகத் தெரிவது, எவ்வளவு ஆகும் என்று தெரியாத அவருக்கு 3 லட்சமாகத் தெரிகிறது. விலையில் ஒரு லட்சத்தைக் குறைத்தால் அவருடைய கைப்பணத்தில் 29 ஆயிரம்தான் மிஞ்சும், மீதி கடனில் குறையும். கண்ணில் படுகிற பழுதைச் சரிசெய்துவிட்டால் அவர் பயமே போய்விடும். அதனால்தான் விலையைத் தொடுவதற்கு முன் வீட்டைத் தொடவேண்டும் என்கிறேன்.

சாக்கடை வாசனைக்குத் தீர்வு எளிதாக இருந்தது. குளியலறைத் தரையில் ஜாலிக்குக் கீழே கிண்ணம் போன்ற ஓர் அமைப்பு இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அந்தத் தண்ணீர்தான் கழிவுநீர்க் குழாயின் வாசனையையும் கரப்பானையும் மேலே வரவிடாமல் தடுக்கிறது. வீடு பூட்டிக் கிடந்தால் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். வாரத்துக்கு இரண்டு தடவை ஒவ்வொரு ஜாலியிலும், வாஷ்பேசினிலும், சமையலறை சிங்க்கிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். எதிர்வீட்டு மாமி அதைத் தானே செய்வதாகச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார். ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே எல்லாம் வேண்டாம். வாசனையை மறைக்கிறார்கள் என்றுதான் வருகிறவர் நினைப்பார்.

ஓதம்தான் பெரிய வேலை. பார்க்க வருவதற்கு முதல் வாரம் பெயின்ட் அடித்துவிட்டால் தெரியாது என்று பலர் சொல்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஈரம் உள்ளே இருக்கும்போது மேலே அடித்த பெயின்ட் சில வாரங்களில் உப்பிவிடும். அதைவிட முக்கியம், வாங்குகிறவரை ஏமாற்றுவது ஏமாற்றுவதுதான். எங்கள் கூரைத் திட்டுக்குக் காரணம் மேல்வீட்டுக் குளியலறை. உரிமையாளர் பெங்களூரில், வாடகைக்கு இருப்பவருக்கு இதில் அக்கறை இல்லை. அசோசியேஷன் செயலாளர் மூலமாக உரிமையாளரிடம் பேசி, செலவில் பாதியை நாங்கள் ஏற்பதாகச் சொன்னபின் சம்மதித்தார். டைல்ஸ் இடுக்குகளில் எபாக்சி நிரப்பி, கழிவுக்குழாய் தரையோடு சேரும் இடத்தை உடைத்துச் சரிசெய்தார்கள். அவர் வீட்டு வேலைக்கு நாம் ஏன் பணம் கொடுக்கவேண்டும் என்று தம்பிக்குக் கோபம். நியாயமான கோபம்தான். ஆனால் விற்கவேண்டியது நாங்கள், அவர் இல்லை.

அப்புறம் சுவர் நன்றாகக் காயும்வரை காத்திருந்து, பழைய பூச்சைச் சுரண்டி, புட்டி, பிரைமர், பெயின்ட் என்று வரிசையாகச் செய்தோம். வீடு முழுவதும் ஒரே வெளிர்நிறம். இந்த வேலைக்கு ஆடி மாதத்தை எடுத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. ஆடியில் பொதுவாக யாரும் வீடு பார்க்க வருவதில்லை, வடகிழக்குப் பருவமழை தொடங்கவும் இன்னும் நாள் இருக்கும், சுவர் நன்றாகக் காயும். ஆவணி பிறந்ததும் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெயின்ட் வேலையைத் தொடங்கினால் சென்னை ஈரத்தில் சரியாக வராது, அடுத்து மார்கழியும் வந்துவிடும். வருடத்தில் வீடு விற்கும் மாதங்கள், விற்காத மாதங்கள் என்று இருக்கின்றன. விற்காத மாதங்களில் வேலையை முடித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

வேலைக்கு முன் மேலே ஈரம் காட்டிய இடத்தின் படத்தையும், சரிசெய்தபின் எடுத்த படத்தையும், கொத்தனாருக்குக் கொடுத்த பணத்தின் ரசீதையும் எடுத்து வைத்தேன். பார்க்க வந்தவர்களிடம் நானே காட்டினேன். "இங்கே கசிவு இருந்தது, இப்படிச் சரிசெய்தோம்" என்று நாமே சொல்கிற வீட்டில் வேறு எதையும் மறைக்கமாட்டார்கள் என்ற எண்ணம் வந்தவர்களுக்கு வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

இனி அப்பாவின் படம். ஹாலில் நேர்ச்சுவரில், சந்தனமாலை போட்டு, சின்ன சீரியல் விளக்கு எரிய, பெரிய படம். எங்களுக்கு அது அப்பா. புதிதாக வருகிறவருக்கு அது ஒரு மரணம். "எப்போ தவறினார், வீட்டிலேயா?" என்று ஒருவர் தரகரிடம் கேட்டிருக்கிறார். பலர் கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு போயிருப்பார்கள். குழந்தைகளோடு குடிவர நினைக்கிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. அவர்களைத் தப்பு சொல்லவும் முடியாது.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அந்த வீட்டை விட்டு வந்தபோதும் படத்தை அங்கேயே விட்டுவந்ததற்குக் காரணம் இருந்தது. "அவர் வாங்கின வீடு, விக்கிற வரைக்கும் அவர் இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தார். நான் விற்பனையைப் பற்றிப் பேசவில்லை. "பூட்டின வீட்டுல அப்பா தனியா இருக்கார்மா, நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நல்ல நாள் பார்க்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவே போய்ப் படத்தை இறக்கி, துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தார். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் எனக்குத் தோன்றியது. வீட்டை விற்பதற்காகப் பெரியவர்களின் பொருளில் கை வைக்கவேண்டி வந்தால், விற்பனையைக் காரணமாகச் சொல்லாதீர்கள். அந்தப் பொருளுக்குச் சரியான இடம் எது என்று அவர்களோடு சேர்ந்து யோசியுங்கள். வேலை தாமதமாகும், ஆனால் மனசு நோகாது.

பரணையும் அதேபோல்தான் காலி செய்தோம். கொலு பொம்மைகள் தம்பி வீட்டுக்கு, பித்தளைப் பாத்திரங்களில் அம்மா தேர்ந்தெடுத்தவை எங்களுக்கு, மீதி கோயிலுக்கும் பாத்திரக்கடைக்கும். இரண்டு பீரோக்களில் ஒன்று படுக்கையறை ஜன்னலைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றது. அதை எடுத்ததும் அறைக்குள் அவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதையே அப்போதுதான் பார்த்தோம். எல்லாவற்றையும் காலி செய்துவிடவும் வேண்டாம். முழுக்கக் காலியான அறை சின்னதாகத் தெரியும், கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்குமா என்று வருகிறவர் குழம்புவார். பெரிய அறையில் ஒரு கட்டில், ஹாலில் இரண்டு நாற்காலி, நான்கு பேர் சாப்பிடும் மேசை. இவை மட்டும் போதும். உட்கார இடம் இருந்தால் வந்தவர்கள் உட்கார்வார்கள். உட்கார்ந்தால் பேசுவார்கள். அதுவரை நின்றபடியே போனவர்கள் இப்போது அரைமணி நேரம் இருந்தார்கள்.

செலவு செய்யக்கூடாதவை பற்றியும் சொல்லவேண்டும். மாடுலர் கிச்சன் போட்டால் 3 லட்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். கிடைக்காது. வாங்குகிற பெண்மணிக்குத் தன் சமையலறை எப்படி இருக்கவேண்டும் என்று ஓர் எண்ணம் இருக்கும், நாம் போட்ட பலகையை அவர் உடைக்கத்தான் போகிறார். ஃபால்ஸ் சீலிங், வால்பேப்பர் எல்லாமே அப்படித்தான். நாங்கள் மாற்றியவை ஒழுகிய குழாய்கள், மஞ்சளாகிப்போன சுவிட்சுகள், மங்கிய விளக்குகள், கிழிந்த கொசுவலை. வாசல் கதவுக்கு மட்டும் நல்ல பாலிஷ். எல்லாம் சேர்த்து, மேல்வீட்டு வேலையில் எங்கள் பங்கு உட்பட, ஒன்றரை லட்சத்துக்குள் முடிந்தது. தரகர் குறைக்கச் சொன்னது 6 லட்சம்.

சென்னையில் வீடு பார்க்க வருகிறவர் எப்படியும் கேட்கும் கேள்வி தண்ணீர். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடந்தவர்களும், 2015 டிசம்பரில் தண்ணீர் புகுந்த வீட்டிலிருந்து வெளியேறியவர்களும்தான் இங்கே வாங்குகிறவர்கள். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி வைத்தேன், வந்தவர்களையே குழாயைத் திறந்து பார்க்கச் சொன்னேன். போர் தண்ணீரில் உப்பு கொஞ்சம் உண்டு, அதையும் சொன்னேன். குழாய்களில் படிந்திருந்த வெள்ளைக் கறையை வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்துத் தேய்த்து எடுத்தோம். ஆசிட் ஊற்றினால் குழாயின் பளபளப்பு போய்விடும், டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்டும் அரித்துப்போகும். வெள்ளத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம், 2015-இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவில் எங்கே வரை தண்ணீர் நின்றது என்று கீழே கூட்டிப்போய்க் காட்டினேன். பழவந்தாங்கல் சுரங்கப்பாதை மழையில் மூழ்கும் என்பது ஊருக்கே தெரியும். அதை மறைத்துப் பேசினால் மற்ற எதையும் நம்பமாட்டார்கள்.

நம் வீட்டுக்கு வெளியே இருப்பதும் வீடுதான். மாடிப்படியில் ஒட்டடை, மீட்டர் பலகைக்குக் கீழே உடைந்த சைக்கிள், எங்கள் கார் நிறுத்துமிடத்தில் யாரோ போட்டுவைத்த பழைய கதவு. செயலாளரிடம் சொன்னேன். கட்டடம் சுத்தமாக இருந்தால் எல்லாருடைய ஃபிளாட்டுக்கும்தான் மதிப்பு என்று அவரே மற்றவர்களிடம் பேசி எடுக்கவைத்தார். எதிர்வீட்டு மாமியின் உதவியை மறக்கவே முடியாது. வாங்க நினைக்கிறவர்கள் நமக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத்தான் செய்வார்கள். அங்கிருந்து வருகிற ஒரு நல்ல வார்த்தைக்கு ஈடு கிடையாது.

விளம்பரத்தில் ஒரு குழப்பம் இருந்தது. பல தரகர்களிடம் சொல்லியிருந்ததால் ஒரே வீடு இணையத்தில் மூன்று விலையில் இருந்தது. பார்க்கிறவர் குறைந்த விலையிலிருந்துதான் பேரத்தைத் தொடங்குவார், வீட்டில் ஏதோ வில்லங்கம் என்றும் நினைப்பார். எல்லாவற்றையும் எடுக்கச்சொல்லி, ஒரே தரகர், ஒரே விலை, ஒரே சாவி என்று ஆக்கினோம். படங்களைப் புதிதாகக் காலை வெயிலில் எடுத்தோம். எங்கள் ஹால் கிழக்குப் பார்த்தது, ஒன்பது மணிக்கு வெளிச்சம் நிறைந்திருக்கும். அறையின் மூலையில் நின்று, நெஞ்சு உயரத்தில் போனைப் படுக்கவைத்துப் பிடித்து எடுத்தால் அறை உள்ளபடி தெரியும். அறையை அகலமாக்கிக் காட்டும் லென்ஸ் வேண்டாம், நேரில் வந்ததும் ஏமாற்றமாகிவிடும். கையால் வரைந்த தரைப்படம் ஒன்றும் அறை அளவுகளோடு போட்டோம். 930 சதுர அடி என்பது பொதுஇடமும் சேர்ந்தது, உள்ளே கால் வைக்கும் இடம் 715 என்பதையும் எழுதினோம். வீடு காட்டுவதையும் காலை நேரத்திலேயே வைத்துக்கொண்டோம், ராகுகாலத்தைத் தவிர்த்து.

கடைசியாக, மேசைமேல் ஒரு ஃபைல். என்னைக் கேட்டால் வீட்டை அழகுபடுத்துவதில் பாதி இதுதான். மூலப்பத்திரம், அப்பா பெயரிலான கிரயப்பத்திரம், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி வரைபடம், 30 வருட வில்லங்கச் சான்று, சொத்துவரி, குடிநீர் வரி, மின்கட்டண ரசீதுகள், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், எல்லாம் நகலாக வரிசையாக. 2011-இல் ஆலந்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய வரி ரசீதுகள் நகராட்சி பெயரில் இருக்கும், அவற்றையும் சேர்த்துவைத்தோம்.

வில்லங்கச் சான்றைப் பார்த்தபோது அப்பாவின் வீட்டுக்கடனுக்காகப் பதிவான அடமான ஆவணம் அப்படியே நின்றது. கடன் எப்போதோ முடிந்து, வங்கி பத்திரத்தையும் திருப்பிக் கொடுத்திருந்தது. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகவில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் வில்லங்கம் பார்க்கலாம் என்பதால், ஆர்வமாக வந்த சிலர் அதைப் பார்த்தே பேசாமல் விலகியிருக்கக்கூடும். வங்கியோடு பேசி ரசீதைப் பதிவு செய்ததும் அது தீர்ந்தது. உங்கள் வீட்டுக்கும் முதல் வேலையாக இதைப் பாருங்கள், இதற்கு நாள் பிடிக்கும்.

உயில் இல்லாமல் அப்பா பெயரில் இருக்கும் இந்துக் குடும்பச் சொத்தென்றால் அம்மாவும் பிள்ளைகளும் மட்டும் இல்லை, அப்பாவுடைய அம்மா உயிரோடு இருந்தால் அவரும் வாரிசு. எல்லாரும் கையெழுத்துப் போடவேண்டும். கட்டடம் பழையது என்று தயங்குகிறவர்களிடம் யுடிஎஸ் அளவைக் காட்டினேன். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்பதால், நிலப்பங்குக்கு இப்போது தனி மதிப்பு உண்டு.

ஆவணியில் வந்த ஒரு தம்பதி, பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள். இரண்டாம் முறை தங்கள் கொத்தனாரோடு வந்தார்கள். அவர் குளியலறைக் கூரையைத் தட்டிப்பார்த்தார், தோழி கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். படங்களையும் ரசீதையும் காட்டினேன். ஃபைலை அவர்கள் அங்கேயே உட்கார்ந்து புரட்டினார்கள், வங்கி வக்கீலுக்கு ஒரு நகல் எடுத்துப்போனார்கள். 62-இலிருந்து 61-க்கு முடிந்தது. 50 லட்சத்துக்கு மேல் என்பதால் அவர்கள் விலையில் பிடித்த 1 சதவீத வருமான வரியை நம் பான் கணக்கில் கட்டியதற்கான சான்றை வாங்கிக்கொண்டோம். விற்கிறவர்கள் ஒருவருக்கு மேல் இருந்தால் ஒவ்வொருவர் பெயரிலும் அவரவர் பங்குக்குத் தனித்தனியாகக் கட்டச்சொல்ல வேண்டும், இதை அக்ரிமென்ட் போடும்போதே பேசிவிடுங்கள்.